நோம்புக் குளிர்

டாக்டர் ஷம்லா கேட்டது ஒரே ஒரு சின்னக் கேள்விதான். குடிப்பாரா?

எல்சம்மா கண்ணிமைக்காமல் பதில் சொன்னாள். "வருஷா வருஷம் நோம்பு தவறாம இருக்கற ஆளு, டாக்டர்."

இதில் பொய் என்று ஒரு எழுத்தைக்கூட யாரும் காட்ட முடியாது. அவள் புருஷன் தேவஸ்யா நோம்பு தவறியதே கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய அம்பது நோம்பில் இறைச்சி தொடமாட்டார், மீன் தொடமாட்டார், ஒரு சொட்டு மது தொடமாட்டார். மற்ற நாட்களில் எதையெல்லாம் தொடுவார் என்று டாக்டர் கேட்கவில்லை, எல்சம்மாவும் சொல்லவில்லை. எங்கள் பாலா ஊர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கலையை யாரும் கற்றுத்தர வேண்டாம். பொய் சொன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொன்னால் வேண்டியதில்லை.

டாக்டர் ஷம்லா மலப்புறத்துக்காரி, முஸ்லிம். நோம்பு என்ற சொல் அவர் வீட்டிலும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துபோனது. காகிதத்தில் "குடிப்பழக்கம் இல்லை" என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். தேவஸ்யா அப்போது பக்கத்து நாற்காலியில், யாரோ பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டுப்போன மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் அப்படி உட்காரத் தொடங்கியது ஓணத்துக்கு அப்புறம். ஈராற்றுப்பேட்டைக்கும் கோட்டயத்துக்கும் நடுவே ஓடும் மரியா ராணி பஸ்ஸின் ஸ்டியரிங் வளையம் பல வருஷமாக அவர் கையில்தான். அந்தப் பாதையில் தேவஸ்யா சேட்டனின் ஹார்ன் சத்தத்தை வைத்தே அடுப்பில் அரிசி போடுகிற வீடுகள் இருந்தன. ஒருநாள் காலை பரணங்கானம் நிறுத்தத்தில் ஆட்களை இறக்கினார், ஏற்றினார், அப்புறம் வண்டியை எடுக்கவில்லை. யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்டக்டர் பிஜு முன்னால் வந்து, போகலாம் சேட்டா என்றான். போகலாம் என்று அவரும் சொன்னார். கை மட்டும் அசையவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹார்ன் அடித்து அம்மாவையும் அப்பனையும் இழுத்துத் திட்டியும் அசையவில்லை.

ஊர் உடனே காரணம் தேடக் கிளம்பியது. மகன் பெங்களூரில் வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டானா? இல்லை. கடனா? இல்லை. எல்சம்மாவோடு சண்டையா? அதுவும் இல்லை. காரணம் இல்லாத துக்கத்துக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. காலொடிந்தவனுக்கு ஆரஞ்சு வாங்கிப் போவார்கள், மனசொடிந்தவனுக்குப் புத்தி சொல்லப் போவார்கள். தேவஸ்யாவின் அண்ணன் மாத்தச்சன், மாதா கோயிலின் கைக்காரர், அதன் சொத்தைப் பார்த்துக்கொள்பவர். அவர் வந்து, நன்றாக வேலை செய்தால் இதெல்லாம் ஓடிவிடும் என்று, வேலை செய்ய முடியாமல் கிடந்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் முதலாளி ஔசேப்பு கெட்டவர் இல்லை. ஒரு டாக்டரிடம் காட்டி, ஓட்டலாம் என்று ஒரு காகிதம் வாங்கி வரட்டும், வளையம் அவருக்குத்தான் என்றார். டவுனில் முதலில் பார்த்த டாக்டர் கொடுத்த மாத்திரையில் தேவஸ்யா தூங்கினார். காலையில் தூங்கினார், கஞ்சி குடிக்கும்போதே தூங்கினார், வயிறு மட்டும் தனியாக வளர்ந்தது. தூங்கும் டிரைவரை எந்த முதலாளி சேர்ப்பான்? அதனால்தான் டாக்டர் ஷம்லாவிடம் வந்தார்கள். "குடிப்பார்" என்று ஒரு சொல் காகிதத்தில் ஏறினால் வளையம் போய்விடும் என்ற பயத்தில்தான் எல்சம்மா அந்தப் பதிலைச் சொன்னாள். வேறு கெட்ட எண்ணம் அவளிடம் இல்லை. இதை நான் அவளுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இனி சொல்லப்போவது எதுவும் அவளுக்குச் சாதகமாக இல்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் புப்ரோப்பியான். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற ஒன்றைப் பிடித்துவைக்கும் என்றார். இது அந்த வழியில் போகாது. டோபமின், நார்எபிநெஃப்ரின் என்று வேறு இரண்டு இருக்கின்றன. ஒரு வேலையை எடுத்துச் செய்யத் தோன்றுவதற்கும், விழிப்பாக இருப்பதற்கும் அவை வேண்டும். நரம்புகள் அவற்றை வெளியே விட்டுவிட்டு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைக் கொஞ்சம் தடுத்துவைக்கும். ஆளைத் தூங்கப்போடாது, வயிற்றை வளர்க்காது, ஓட்டுகிறவருக்கு நல்லது. சில வாரம் பொறுக்க வேண்டும். தொடக்கத்தில் தூக்கம் குறையலாம், வாய் உலரலாம், படபடப்பு வரலாம். சாகலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் நேரம் பார்க்காமல் கூப்பிட வேண்டும்.

அப்புறம் விதிகளைச் சொன்னார். காலையில் மட்டும். முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, ஏனென்றால் நாள் முழுக்க மெல்லக் கரைகிற மாதிரி செய்த மாத்திரை அது. ஒருநாள் மறந்தால் மறந்ததுதான், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"இதுல ஒரே ஒரு பயம் வலிப்பு. முன்னாடி வலிப்பு வந்தவங்க, தலையில பலமா அடிபட்டவங்க, இவங்களுக்கு நான் தரமாட்டேன். அப்புறம் குடிகாரங்க. குடிச்சுட்டே இருந்துட்டுச் சட்டுனு நிறுத்துவாங்க பாருங்க, அப்ப வந்துடும். உங்க வீட்டுல அந்தக் கவலை இல்ல."

எல்சம்மா தலையாட்டினாள். இங்கேதான் விஷயம். டாக்டர் சொன்னதை அவள் கேட்காமல் இல்லை, புரியாமலும் இல்லை. ஆனால் குடிகாரன் என்ற சொல்லுக்கு எங்கள் கோயில் இடவகையில் ஒரே ஒரு பொருள்தான், அவன் பெயர் பேபி. கள்ளுக்கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடப்பான். ஊருக்கு அப்படி ஒருவன் போதும், அவனைக் காட்டியே மற்ற எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம். தேவஸ்யா அப்படியா? சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வருவார், குளிப்பார், ஜபமாலையில் உட்காருவார். ஜபம் முடிந்ததும் எல்சம்மாவே கண்ணாடி டம்ளரைக் கழுவி வைப்பாள், பக்கத்தில் வறுத்த நெத்திலி. கடையில் போய் உட்காராமல் இருக்கட்டும் என்று அவளே தொடங்கிவைத்த ஏற்பாடு அது. வண்டியில் ஏறும் முன் அவர் தொட்டதில்லை. வீட்டில் மனைவி கையால் ஊற்றிக் குடித்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. மூட்டையாக உட்கார்ந்திருந்த மாதங்களில் அந்தச் சாப்பாடு அரை பாட்டிலைத் தாண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

மருந்தை அவள் கொடுத்த ஒழுங்கைப் பார்த்திருந்தால் நர்சுகளே வெட்கப்பட்டிருப்பார்கள். காலைக் காப்பிக்கு அப்புறம் முழு மாத்திரை, பக்கத்தில் நின்று விழுங்கவைப்பாள். தொண்டையில் நிற்கிறது, பாளையங்கோடன் வாழைப்பழத்தில் நசுக்கிக் கொடு என்று அவர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் மாத்திரை கொடுத்த அதே கை சாயங்காலம் பிராந்தி ஊற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் இருந்ததால் அவளுக்கு இரண்டும் சம்பந்தமில்லாதவையாகத் தெரிந்தன.

மாதம் ஒன்று ஆகியிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மீன்கறில புளி ஏறிப்போச்சுடீ. யாருக்கு வெச்சே இதை, பேபிக்கா?"

எல்சம்மா அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எத்தனை மாதத்துக்கு அப்புறம் ஒரு குறை சொல்லியிருக்கிறார்! புளி ஏறியது, காப்பி ஆறியது, சட்டையில் பொத்தான் இல்லை, பிஜு கழுதை, மாத்தச்சன் பெரிய கழுதை. ஒவ்வொரு குறையாக மனுஷன் திரும்பி வந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது டாக்டர் காகிதம் கொடுத்தார், முதலாளி வளையத்தைக் கொடுத்தார். முதல் நாள் பரணங்கானத்தில் வண்டி நின்றபோது ஏறியவர்களெல்லாம் பயந்து பார்த்தார்களாம். என்னய்யா பாக்கறீங்க, மாதாவைக் கும்பிட்டுட்டு ஏறுங்க, இன்னிக்கு நான்தான் ஓட்டறேன் என்றாராம். இதைப் பிஜு வீட்டுக்கே வந்து நடித்துக் காட்டினான். எல்சம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஆள் இப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நோம்பு வந்தது.

நோம்புக்கு முந்தைய ஞாயிறு பேத்துர்த்தா. அன்றைக்கு எங்கள் வீடுகளில் அடுப்பு அணையாது. அம்பது நாளைக்கு வேண்டிய பன்றியையும் மாட்டையும் ஒரே நாளில் தின்று தீர்க்கிற ஆவேசம். திங்கட்கிழமை எழுந்தால் மதுவில்லை, மாமிசமில்லை, வீட்டுக்குள் சாம்பல் பூசின மாதிரி ஒரு அமைதி. அரசாங்கச் சாராயக்கடை வரிசை அன்று பாதியாகிவிடும். விகாரியச்சன் அதைப் பிரசங்கத்தில் பெருமையாகச் சொல்லுவார். எங்கள் ஆண்களுக்கோ அதைவிடப் பெருமை. குடிகாரனாக இருந்தால் அம்பது நாள் நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி என்று அவர்களுக்கு நினைப்பு.

அப்படி நிறுத்தியதும் சிலருக்குக் கை நடுங்கும். வியர்க்கும், தூக்கம் வராது, இரண்டு மூன்று நாள் குளிர்க்காய்ச்சல் மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு பெயர் உண்டு, நோம்புக் குளிர். பாவம் உடம்பை விட்டு இறங்குகிற நடுக்கம் என்று பக்தியாகவே சொல்லுவார்கள். பெண்கள் மிளகு தட்டிப்போட்டுச் சுக்குக் காப்பி வைத்துக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் ஆள் எழுந்து கோயிலுக்குப் போவார். தேவஸ்யாவுக்கு வருஷம் தவறாமல் இந்தக் குளிர் வரும், வருஷம் தவறாமல் போய்விடும்.

இந்த வருஷம் பேத்துர்த்தாவில் அவர் சந்தோஷமாகக் குடித்தார். திரும்பி வந்த ஆள் அல்லவா, அண்ணன் தம்பி எல்லோரும் ஊற்றினார்கள். திங்கட்கிழமை நிறுத்தினார். நடுங்கும் கையோடு வண்டி ஓட்டினார். பிஜு என்னவென்று கேட்டதற்கு நோம்புக் குளிர்டா என்றார், அவனும் சரியென்று விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை எல்சம்மா மாத்திரையைக் கொடுத்தாள், சுக்குக் காப்பியும் கொடுத்தாள். பாலாவில் துணி எடுக்க வேண்டியிருந்ததால் அவரோடு சேர்ந்தே ஸ்டாண்டுக்குப் போனாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி கிளம்பவில்லை. எல்சம்மா முன் சீட்டில் இருந்தாள். தேவஸ்யா ஏதோ சொல்லத் திரும்புவது போல் திரும்பினார். ஒரு சத்தம் வந்தது, அது அவர் குரலே இல்லை. உடம்பு வில்லாக விறைத்தது, தலை கண்ணாடியில் போய் மோதியது, அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பிஜு பாய்ந்து சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினான். யாரோ இரும்பு கொடு, இரும்பு கொடு என்று கத்தினார்கள். யாரோ அந்தச் சாவிக்கொத்தையே அவர் கையில் திணித்தார்கள். நாலைந்து பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் மீனச்சில் தாலுகா முழுவதும் மரியா ராணி டிரைவரின் வலிப்பைப் பார்த்துவிட்டது. வண்டி கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார், குடிப்பாரா என்று. அந்த நேரம் எல்சம்மாவின் ஒரு பக்கம் ஔசேப்பு முதலாளி நின்றார், மறுபக்கம் கைக்காரர் மாத்தச்சன் நின்றார். எங்கள் குடும்பத்தில் குடிகாரர்கள் கிடையாது டாக்டர் என்று மாத்தச்சனே முந்திக்கொண்டார். எல்சம்மா வாய் திறக்கவில்லை. அந்த டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தார், இந்த மாத்திரையால் அபூர்வமாக இப்படி ஆகும், இல்லையென்றால் அபஸ்மாரம் என்கிற வலிப்பு நோயாக இருக்கும், எதற்கும் மாத்திரையை நிறுத்துகிறேன் என்றார். அபஸ்மாரம் என்ற சொல் விழுந்ததும் முதலாளி மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்ததை எல்சம்மா பார்த்தாள்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. வலிப்பு மறுபடி வரவில்லை, ஆனால் நடுக்கம் கட்டிலையே ஆட்டியது. வியர்வையில் துணி பிழிந்தாற்போல் ஆனது. தேவஸ்யாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் காற்றில் வளையத்தைப் பிடித்துத் திருப்பத் தொடங்கினார். கியர் மாற்றினார். முன்னால் போகிறவனைத் திட்டினார். எல்சம்மா அந்தக் கைகளைப் பிடிக்கப்போனாள், வண்டி ஓடும்போது கை வைக்காதே என்று உறுமினார்.

டாக்டர் ஷம்லாவை வரவழைத்தார்கள். அவர் வந்து நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நடுங்கும் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நடுக்கம் முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?"

"வருஷா வருஷம் வரும் டாக்டர்," என்றாள் எல்சம்மா. டாக்டருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். "நோம்புக் குளிர்தான். மூணு நாள்ல போயிடும். இந்தத் தடவைதான் கொஞ்சம் கூடுதல்."

"என்ன குளிர்?"

"நோம்பு ஆரம்பிச்சா வர்ற குளிர். எங்க ஊருல நெறைய ஆம்பளைங்களுக்கு வரும். மதுவை நிறுத்தறாங்கல்ல, அதனால."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. டாக்டர் ஷம்லா அவளை ஒன்றும் கேட்காமல் நர்சைக் கூப்பிட்டார், ஊசிகளின் பெயர்களைச் சொன்னார், உடனே என்றார், இன்னொரு தடவை உடனே என்றார். ஊசி ஏறி தேவஸ்யாவின் கை காற்று வளையத்தை விட்டுவிட்டு மடியில் விழும்வரை அங்கேயே நின்றார். அப்புறம் எல்சம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"நீங்க நோம்புன்னு சொன்னதும் நான் எங்க உப்பாவை, எங்க அப்பாவை நெனச்சேன். அவரு நோம்பு நாள்ல பகல்ல தண்ணிகூடத் தொடமாட்டாரு. மத்த பதினோரு மாசமும் மதுன்னா என்னன்னே தெரியாது அவருக்கு. அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சு மேல கேக்காம விட்டேன். அது என் தப்பு." டாக்டரின் குரல் உயரவில்லை. "ஆனா நான் கேட்டது குடிப்பாரான்னு. நோம்பு இருப்பாரான்னு இல்ல."

எல்சம்மா சுவரைப் பார்த்தபடி நின்றாள். மற்ற வருஷமெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

மூளையை ஆற்றங்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தினமும் குடிக்கிறவரின் மூளை அந்த மதுவின் அழுத்தத்துக்கு எதிராக முட்டிக்கொண்டே பழகியிருக்கும். சட்டென்று மதுவை எடுத்துவிட்டால் வெள்ளம் ஏறும், அதுதான் நடுக்கம்; கரையைத் தாண்டினால் வலிப்பு. ஒவ்வொரு வருஷமும் அந்த வெள்ளம் கரை வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறது, அதுவே அதிர்ஷ்டம். இந்த மாத்திரை கரையைக் கொஞ்சம் தாழ்த்தும். எல்லோருக்கும்தான் தாழ்த்தும், வெள்ளம் இல்லாதவருக்கு அதனால் ஒன்றுமில்லை. குடியைப் பற்றித் தெரிந்திருந்தால் முதலில் ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல நிறுத்தியிருப்போம். ஆறவிட்டு, கரையைப் பார்த்து, அப்புறம் இந்த மாத்திரையை யோசித்திருக்கலாம்.

"இப்ப குடிய நிறுத்தியாச்சே டாக்டர். இனிமே தொடமாட்டாரு. நான் ஊத்திக் குடுக்க மாட்டேன். அந்த மாத்திரையவே மறுபடி குடுங்க. அதுலதான் அவரு எந்திரிச்சாரு."

"இதுல ஒரு தடவ வலிப்பு வந்துட்டா இந்த மாத்திரை அவருக்கு இனி கிடையாது. நான் மட்டும் இல்ல, எந்த டாக்டரும் தரக் கூடாது. வேற பாக்கலாம்."

"வளையம்?"

சொந்த ஸ்கூட்டருக்கே வெகுநாள் ஆகும், ஐம்பது பேரை ஏற்றிப்போகும் வண்டிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் டாக்டர்.

தேவஸ்யா பிழைத்து வீட்டுக்கு வந்தார். வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது பலருக்குக் கேட்கும் என்றார் டாக்டர், பொறுமையாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தேவஸ்யாவுக்கு அது பாதிதான் கேட்டது. அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. காலையில் ஜன்னலோரம் உட்காருவார். ஈராற்றுப்பேட்டை சாலையில் மரியா ராணி ஹார்ன் அடித்துக்கொண்டு போகும், இப்போது வேறு எவனோ அடிக்கிறான். தேவஸ்யா திரும்பிப் பார்ப்பதில்லை. கறியில் புளி குறைந்தாலும் கூடினாலும் வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்தார். எல்சம்மா ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தாள். அதையும் தின்றார்.

ஊர் தீர்ப்பு எழுத அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை மனுஷனுக்கு வலிப்பைக் கொடுத்துவிட்டது. நல்லவேளை நோம்பு நாளாக இருந்தது, தேவமாதா காப்பாற்றினாள். ரகசியமாக அதே டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் மாத்திரையை ஆற்றில் எறிந்தார்கள் என்று கேள்வி. நோம்புக் குளிரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷமும் பலருக்கு அது வந்தது, மிளகு தட்டிப்போட்டுச் சுக்குக் காப்பி குடித்தார்கள். எல்சம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் உண்டு, ஆனால் அவளிடத்தில் நானும் சொல்லியிருக்கமாட்டேன் என்பதால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து மாத்தச்சன் குடும்பத்தோடு வந்தார். அப்பமும் வாத்துக்கறியும் மேசைக்கு வந்தன. மாத்தச்சன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். நோம்பு முடிந்தது, தம்பி முகத்தில் கொஞ்சம் உயிர் வரட்டும் என்றார். அவரே எழுந்து டம்ளரும் எடுத்து வந்தார். டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று எல்சம்மா முதலில் மெல்லத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், ஒரு டம்ளரில் என்ன வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே மாத்தச்சன் ஊற்றினார். டம்ளர் தேவஸ்யாவின் முன்னால் வந்தது. தேவஸ்யா அதைப் பார்த்தார். அத்தனை நாளில் அவர் ஒரு பொருளை அப்படிப் பார்த்து எல்சம்மா கண்டதில்லை.

அவள் டம்ளரை எடுத்து வாஷ்பேசினில் கொட்டினாள்.

"அவரு குடிகாரரு, மாத்தச்சாயா. தினமும் குடிச்சாரு, நான்தான் ஊத்திக் குடுத்தேன். அதைச் சட்டுனு நிறுத்தினதுலதான் வலிப்பு வந்துச்சு. இனி இந்த வீட்டுக்குள்ள பாட்டில் வரக் கூடாது."

மாத்தச்சனின் முகம் கறுத்தது. எங்கள் குடும்பத்துப் பெயரை ஈஸ்டர் நாளில் இப்படி இழுத்துவிட்டாயே என்றார். அவர் மனைவி காதைப் பொத்தாத குறையாகப் பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பினாள். அப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

எல்சம்மாவுக்கு உள்ளே எங்கோ லேசாக இருந்தது. சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத சொல்லைக் கைக்காரரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். தேவஸ்யா ஏதாவது சொல்வார், குறைந்தது கோபப்படவாவது செய்வார் என்று திரும்பிப் பார்த்தாள்.

தேவஸ்யா தட்டைத் தள்ளிவைத்தார்.

"இதைத்தானே அந்த டாக்டரம்மா அன்னிக்குக் கேட்டாங்க. அப்ப சொல்லியிருந்தா நான் இன்னிக்கு வண்டில இருப்பேன்டீ."

"நீங்களும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க இச்சாயா," என்றாள் எல்சம்மா. "நீங்க சொல்லியிருக்கலாமே."

"நான் அப்ப செத்துக்கெடந்தேன். அந்த ரூமுக்குள்ள உயிரோட இருந்தது நீ ஒருத்திதான்."